ஒரு வாளித் தண்ணீரில் போன கல்யாணம்

நாற்காலியை விட்டு எழுந்ததால் கல்யாணம் நின்றுபோன ஆள் மலாக்கா மாநிலத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து முன்னால் வாருங்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழலாம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. குருபோங் பக்கம் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அப்பா, லூபோக் சீனாவைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பார். அப்புறம் மரத்துக்கு மரம் நடை. வெட்டி முடித்ததும், பால் எடுக்க மறுபடியும் அதே மரங்களுக்கு நடை. அதனால் என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் 'கிராணி' என்று சொல்லவே மாட்டார். "என் மகன் உக்காந்து வேலை பாக்குறான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நான் ஏதோ அரியணையில் உட்கார்ந்திருப்பது போல.

நானும் உண்மையாகவே உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு நாசி லெமாக் வாங்கத்தான் எழுவேன். (அதையும் யாராவது வாங்கி வந்துவிட்டால் அதுவும் இல்லை.) ஐந்து வருஷத்தில் தொண்ணூற்றாறு கிலோ.

இந்த அழகோடு புலாவ் செபாங்குக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் வசந்தி. பாலர் பள்ளி ஆசிரியை. கோப்பித் தட்டை நீட்டியபடி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், நான் காலி. எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்து, கிளம்பலாம் என்று எழுந்தேன். நான் எழுந்தேன், நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் நான் அப்படிச் சிக்கியிருந்தேன். அப்பா பின்னால் வந்து இழுத்து எடுத்தார். உள்ளே வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அப்படியும் அவள் சரி என்றுதான் சொன்னாள்! அது தெரியுமா உங்களுக்கு? கல்யாணம் பேசிவிட்ட சரசக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள். "நிச்சயத்துக்குள்ள கொஞ்சம் எளைச்சா நல்லா இருக்கும்னு சொல்லுங்கக்கா."

நிச்சயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அவளுக்காக இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் எப்போது? காலையில் தொழிற்சாலை பஸ் பிடிக்கவே ஓட்டம், வீடு திரும்பினால் பொழுது சாய்ந்திருக்கும். அப்போதுதான் ஒரு ஞாயிறு பத்திரிகையில், அலுவலகத்தில் இருந்தபடியே உடற்பயிற்சி செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யாரோ ஒரு புண்ணியவான். இன்றுவரை அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேசைக்கு அடியில் காலை நீட்டி மடக்கு என்று எழுதியிருந்தார். மடக்கினேன். இரண்டாவது நாள், எதிரே இருந்த மிஸ் லிம்மின் கணினி பிளக் என் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அவள் காலையிலிருந்து அடித்த ஏற்றுமதிப் பட்டியல் முழுக்கப் போச்சு. "குணா, யூ டான்ஸ் அதர் பிளேஸ் லா!" என்று கத்தினாள். சரி, படி ஏறி இறங்கு என்று எழுதியிருந்ததே என்று படியைப் பிடித்தேன். எங்கள் ஆபீஸ் மாடியில். மூன்றாவது தடவை ஏறியதும் மேனேஜர் மிஸ்டர் டான் வழிமறித்து, "என்ன தொலைச்சிட்ட?" என்று கேட்டார்.

வேலை நேரத்தில் சும்மா நடந்தால் சந்தேகப்படுகிறார்கள். கையில் எதையாவது தூக்கிக்கொண்டு நடந்தால் யாரும் கேட்பதில்லை. இந்த ஞானோதயம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

எங்கள் ஆபீஸ் பாய் பெயர் பாக் மாட். பாய் என்றால் பாய் இல்லை, ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி, முட்டி வலி. அந்த வருஷம் மலாக்கா முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு. மாடிக் குழாயில் காற்றுதான் வரும். கீழே தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீரை மாடிக் கக்கூஸுக்கு வாளி வாளியாகத் தூக்குவது பாக் மாட் வேலை. நான் போய், "பாக் மாட், இனிமே அத நான் தூக்குறேன்" என்றேன். முதல் நாள் மனுஷன் பயந்துவிட்டார், அவர் வேலைக்கு உலை வைக்கிறேனோ என்று. இரண்டாம் நாள் வாளியைக் கொடுத்தார். ஒரு வாரத்தில், "குணா, முட்டி ரொம்ப வலிக்குது லா" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். என் ஃபோனைக் கூட எடுத்துப் பேச ஆரம்பித்தார். பேசுவதும் என்னைவிட நன்றாகவே இருந்தது.

நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கணக்கு வேலையை முடித்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் வாளி தூக்கினேன். சட்டை நனையாமல் இருக்க அதைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடுவேன். பனியன், முழங்கால்வரை கால்களைச் சுருட்டிவிட்ட சிலுவார், ஜப்பான் சிலிப்பர். ஆறு வாரத்தில் ஆபீஸே பழகிவிட்டது. "குணா, தண்ணி!" என்பார்கள். "குணா, தரை ஈரம்!" என்பார்கள். மாப்பை எடுத்துத் துடைப்பேன். அதுவும் உடற்பயிற்சிதானே?

(எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்காதீர்கள். இரண்டு கிலோ ஏறியிருந்தது. அவ்வளவு வேலை செய்தால் பசிக்காதா? நாசி லெமாக் இரண்டு பொட்டலம் ஆகியிருந்தது.)

வசந்திக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். ரயில் நிலையத்தில் கொடி காட்டுகிறவர். அவர் வீட்டிலும் அப்படித்தானாம், அவர் பச்சைக் கொடி காட்டாமல் எதுவும் நகராதாம். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவருக்கு வேலை, அதனால் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி வேலையிடத்தில் போய் விசாரிப்பது நம் ஆட்களின் வழக்கம். அதையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்த்தான் விசாரிப்பார்கள். சொல்லிவிட்டுப் போனால் ஆள் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் அல்லவா?

நான் இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு பாதிப் படியில் இருந்தேன். மேலிருந்து வெள்ளைச் சிலுவார், பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் குடையோடு ஒருவர் இறங்கி வந்தார்.

"தம்பி, இங்க கிராணி குணசேகரன்னு ஒருத்தரு. மேல போனேன், அந்த மேசையில யாரோ மலாய்க்காரரு பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காரு. ஆள் எங்க?"

ஏதோ மர வியாபாரி என்று நினைத்தேன். "நான்தாண்ணே. சொல்லுங்க."

அவர் என் பனியனைப் பார்த்தார். சிலிப்பரைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"நான் வசந்தியோட தாய்மாமன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து மிஸ்டர் டான் குரல். "குணா! தண்டாஸ் ஆயர் ஹாபிஸ் லா! செப்பாட்!" கக்கூஸில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், சீக்கிரம் வரவேண்டுமாம். என் கை இரண்டும் தானாக விட்டுப்போயின. ஒரு வாளி படியில் உருண்டது. இன்னொன்று நேராக மாமாவின் வெள்ளைச் சிலுவாரில் கவிழ்ந்தது.

ஐயோ, அப்போதாவது சும்மா நின்றிருக்கக் கூடாதா? ஆறு வாரப் பழக்கம். ஈரத்தைக் கண்டதும் கை மாப்பைத் தேடியது. படிக்கு அடியிலிருந்து மாப்பை எடுத்து, நான்கே இழுப்பில் படியைத் துடைத்து, மாப்பைப் பிழிந்து, அவர் சப்பாத்தைச் சுற்றிலும் சுத்தம் செய்துவிட்டேன். மிக நேர்த்தியாகச் செய்தேன். அதுதான் வினை.

"மாமா, இது என் வேலை இல்ல மாமா. உடம்பு எளைக்கத் தூக்குறேன். மேல உக்காந்திருக்காரே, அவருதான் ஆபீஸ் பாய்."

வெள்ளைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பாக் மாட்டை அவர் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, எனக்கு எங்க வீட்டுல எப்பவோ காது குத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சரசக்கா தோட்டத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "கிராணின்னு பொய் சொல்லிட்டாங்கன்னு சொல்றாங்க. கக்கூஸுக்குத் தண்ணி தூக்குற ஆளுக்குப் பொண்ணு இல்லையாம்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. அப்போதும் நான் விடவில்லை. மிஸ்டர் டானிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நான் கிராணிதான் என்று ஒரு கடிதம் கேட்டேன். பாவம், நல்ல மனுஷர். எனக்கு உதவி செய்கிறேன் என்று அவரே உட்கார்ந்து எழுதினார். குணசேகரன் எங்கள் கிராணி, மிகவும் கடுமையான உழைப்பாளி, எந்த வேலையும் செய்வார், தண்ணீர்கூடத் தூக்குவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

நான் அதைப் படித்துப் பார்க்காமல் சரசக்கா கையில் கொடுத்தனுப்பினேன். (கிராணியாம் கிராணி!) கடிதம் மறுநாளே திரும்பி வந்தது. அதோடு என் மாமியார் வீட்டுக் கனவெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. வசந்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் மூன்று கிலோ குறைந்தது. யாருக்கு வேண்டும் அந்த மூன்று கிலோ?

கடிதம் திரும்பி வந்த அன்று அப்பா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையெல்லாம் காய்ந்த பால். அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்தார். அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. படியில் உட்கார்ந்து, ரப்பர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"உன்னை அந்த நாக்காலியில உக்கார வெக்கத்தான்டா நான் முப்பது வருஷமா நடக்குறேன். நீ ஏன்டா எந்திரிச்ச?"

அந்தப் பத்திரிகைக் கட்டுரையை அவரிடம் காட்டவா முடியும்?

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. பெண்ணின் அப்பா வந்தபோதுகூட எழவில்லை. (மரியாதை தெரியாத மாப்பிள்ளை என்று இன்றுவரை பெயர்.) காரணத்தைப் பிறகு மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் தொலைக்காட்சியை அணைக்க எழுந்தாலும் சரி, கதவைத் திறக்க எழுந்தாலும் சரி, "ஏன் எந்திரிச்சீங்க?" என்று அவள் கேட்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்து, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கூட வந்திருந்த மகள் அவர் முன்னாலேயே சிரித்துவிட்டாள்.

அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். முட்டி இரண்டும் போய்விட்டது, நடக்க முடியாது. நாள் முழுக்க என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாகம் எடுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார். "குணா, கொஞ்சம் தண்ணி கொண்டா."

நான் எழுவேன்.

"ஏன்டா எந்திரிச்ச?" என்று கேட்டுவிட்டு, இருக்கிற நான்கு பல்லும் தெரியச் சிரிப்பார். நான் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.