பந்துக்குப் பந்தயம்

காபியும் செய்தியும் ஒன்றாகவே வந்தன.

"அண்ணன் வர்றாராம்" என்றாள் மனைவி.

பந்துக்கடைக்காரருக்குப் புரையேறியது.

விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மட்டை, வலை, விசில் எல்லாம் விற்றாலும் அவர் உயிர் பந்தில்தான். புதுச் சரக்கு வந்தால் வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் தட்டிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கட்டிலுக்கு அடியில் பந்து, பீரோ மேல் பந்து, துணிக்கூடையில் பந்து. இத்தனை பந்துகள் போதாதென்று மனைவியின் பந்துக்கள் வேறா?

அதிலும் மச்சான்! போன தடவை "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றவர், மழைக்காலம் முடிந்த பிறகுதான் செருப்பைத் தேடினார். அவர் உட்கார்ந்த பள்ளத்திலிருந்து சோபா இன்றுவரை நிமிரவில்லை.

வேண்டாம் என்று நேராகச் சொல்ல அவருக்குத் துணிச்சல் கிடையாது. விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"பந்தைக் கையில பிடிச்சுக்கோ. தூக்கி எறியக் கூடாது, அழுத்தக் கூடாது. சும்மா கையை விடணும். விட்ட இடத்துக்கு மேல அது எம்பிச்சுன்னா உங்கண்ணன் தாராளமா வரலாம். ஒரு மாசம் இருக்கலாம்."

"எம்பலேன்னா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே யோசித்தாள். "எம்பவே எம்பாதா?"

அவ்வளவுதான், அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. டென்னிஸ் பந்து ஒன்றைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார்.

"தரையில மோதினதும் இப்படி நசுங்குது. நசுங்கினது பழைய உருவத்துக்குத் திரும்பத் துடிக்குது. அந்தத் துடிப்புதான் அதை மேல தள்ளுது. ஆனா டொப்புன்னு சத்தம் கேக்குதில்ல? அதுல கொஞ்சம் சக்தி போச்சு. லேசா சூடாகுது, அதுல கொஞ்சம் போச்சு. மிச்சம்தானே மேல வரும்? முழு உயரம் எப்படி வரும்?"

அவள் பிசைந்த மாவில் ஒரு உருண்டையைப் பிடுங்கித் தரையில் விட்டார். பச்சக்!

"பாத்தியா, இதுக்குத் திரும்புற குணமே கிடையாது! நசுங்கினா நசுங்கினதுதான். கல்யாணமான ஆம்பளை மாதிரி!"

"துடைங்க."

துடைத்தார்.

"பந்தை நான்தான் எடுப்பேன்" என்றாள்.

"எதை வேணா எடு!"

"ஒண்ணுதான் எடுக்கணுமா?"

"வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் எடு! எனக்கென்ன பயம்?"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ஆம்பளைடி நான்!"

அவள் கை கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய கூடைப்பந்தை எடுத்தாள். இடுப்பு உயரத்தில் பிடித்து, அதன் உச்சந்தலையில் டென்னிஸ் பந்தை உட்கார வைத்தாள்.

"எறியல. அழுத்தல. நல்லா பாத்துக்குங்க."

இரண்டையும் ஒன்றாக விட்டாள்.

டொம்! டென்னிஸ் பந்து அவர் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. கூரையில் மோதியது. திரும்பி வந்து அவருடைய காபி டம்ளரை உருட்டியது. கூடைப்பந்தோ முழங்கால் உயரம்கூட எழும்பாமல் சோர்ந்துபோய் சோபாவுக்கு அடியில் உருண்டது.

நியாயமாக அவருக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். ஆனால் கண் இரண்டும் விளக்காட்டம் எரிந்தன.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை விடு!"

விட்டாள். மறுபடியும் கூரை! அவர் குதித்தார்.

"புரிஞ்சு போச்சுடி! பெரிசு முதல்ல தரையில மோதி மேல கிளம்புது. சின்னது அப்பதான் இறங்கி வருது. நடுவழியில முட்டிக்குதுங்க! பெரிசு தன்கிட்ட இருந்ததையெல்லாம் சின்னதுகிட்ட கொடுத்துட்டுப் படுத்துடுது!"

"நம்ம வீட்டுல மாசாமாசம் நடக்கிறதுதானே" என்றாள் அவள்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

"போன வாரம் உங்க பந்தையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அள்ளிட்டுப் போனேன். கை நழுவிச்சு. டியூப்லைட் உடைஞ்சு போச்சு. புதுசு மாட்டினேன். நீங்க எங்க அண்ணாந்து பாத்தீங்க?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. இப்படி ஒரு அதிசயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காட்ட ஆள் இல்லாமல் இருப்பதா? பரபரவென்று போனை எடுத்தார்.

"மச்சான்! உடனே கிளம்பி வாங்க! போன்ல சொன்னா புரியாது, நேர்ல பாக்கணும். ஒரு மாசம் என்ன மச்சான், எத்தனை மாசம் வேணாலும் இருங்க!"

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

"அப்படியே கொஞ்சம் கீழ இறங்கி வாங்க மாப்ளே. படிக்கட்டுலதான் ரொம்ப நேரமா நிக்கிறேன், பெட்டி கனமா இருக்கு."