பிலவேந்திரன் வாத்தியாரின் பச்சைத் தவளை

“இன்னாங்க, உங்க தவள மறுபடியும் கருவாடு நெறத்துக்குப் போயிடுச்சி!”

மனைவி அமலோற்பவம் போட்ட சத்தத்தில், பிலவேந்திரன் வாத்தியார் பல்பொடி வாயோடு ஓடி வந்தார். நேற்று தளிர் வெற்றிலை மாதிரி இருந்த மரத்தவளை, ஜாடிக்குள் பழுப்பாக உட்கார்ந்திருந்தது.

பாவம், கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இது ஏழாவது வருஷம். குடும்பம் கீழே வடக்கனந்தலில். மாற்றல் கேட்டுக் கேட்டு மனுஷன் ஓய்ந்திருந்தார். மழைக்காலம் பிறந்தபோதுதான் கல்வி அதிகாரி ஒரு வழி சொன்னார்: “முட்டையிலேர்ந்து வளர்த்த மரத்தவளை ஒண்ணு காட்டுங்க. நல்ல பச்சையா இருக்கணும். அப்புறம் மாற்றலப் பாக்கலாம்.”

மலைக்குட்டை மேல் மரத்தவளை முட்டையிட்டுத் தொங்கவிட்டிருந்த நுரைக்கூட்டைக் கிளையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அமலோற்பவத்தின் இட்லிக் குண்டானில் நூறு தலைப்பிரட்டை நீந்தின. வெந்த கீரை போட்டு வளர்த்தும், வால் சுருங்கித் தவளையானது ஒன்றே ஒன்று.

“அதிகாரி இன்னிக்குத்தான வர்றாரு?”

“பத்து நாளா இன்னிக்குத்தான் வர்றாரு.”

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. வாத்தியாரும் மலையேற முடியாமல் வீட்டோடு இருந்தார்.

இருக்கும் இடத்தின் நிறத்துக்குத் தவளை மாறும் என்று படித்திருந்தார். அமலோற்பவத்தின் கிறிஸ்துமஸ் பச்சைப் புடவையை ஜாடிக்குச் சுற்றினார். தவளை இன்னும் கறுத்தது.

“காத்து இல்லாம மூஞ்சி செத்துப்போச்சி, பாருங்க.”

மூடியைத் திறந்தார். ஒரே தாவு! விறகுக்கட்டுக்குள் போய்விட்டது. அதைப் பிடிக்கப் போய் ரசச் சட்டியைத் தட்டிவிட்டார். ரசம் முழுக்கப் புடவையில். பிடித்து வாழையிலை மேல் வைத்தபோது, தவளை அசல் மரப்பட்டையாகவே இருந்தது.

“பயந்தா கறுக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு, அமலு.”

“அத்த பயமுறுத்திக்கினு இருக்கறதே நீங்கதான்!”

வாசலில் ஜீப் சத்தம். அதிகாரி வியர்த்து வழிய இறங்கினார்.

“மரத்தயெல்லாம் இப்பத்தான் ஒதுக்கி வுட்டிருக்காங்க வாத்தியாரே. வெட்டிப் பத்து நாளாச்சி, எலையெல்லாம் இன்னும் எவ்ளோ பச்சையா இருக்கு பாருங்க!”

எதிரே கிடந்த புங்கமரத்தை வாத்தியார் பார்த்தார். அத்தனையும் சருகு. வந்த களைப்பில் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு, வாழையிலையை நீட்டினார்.

அதிகாரி குனிந்தார். “அடடா! இன்னா பச்ச! இன்னா பச்ச!”

வாத்தியார் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். “அய்யா, நேத்து சாயங்காலம் வரைக்கும்...”

“வாக்குன்னா வாக்குதான். திங்கக்கெழம இங்கியே உள்ளூர் பள்ளிக்கூடத்துல சேர்ந்துடுங்க.”

வாத்தியார் இலையைத் திருப்பிப் பார்த்தார்; தவளை இன்னும் பழுப்புதான். அதிகாரி கிணற்றடியில் முகம் கழுவப் போன நேரம், ஜீப் டிரைவர் சின்னராசு காதருகே வந்தான்.

“வெளிய சொல்லிடாதீங்க சார். பொறந்ததுலேர்ந்தே அய்யா கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணுதான்.”