ஏழாம் கேள்விக்கு ஒரு பீப்பாய்

அன்பரே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லும்: உம்மிடம் ஆபத்து எதுவும் இல்லை என்பதையே ஓர் அலுவலகம் குறையாகக் கண்டால், ஓர் ஆபத்தைத் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவீரா?

ஈப்போ, சிலிபின் வட்டாரத்து நவமணி கொண்டுவந்தாள்.

1983ஆம் ஆண்டு செமோர் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறியபோது, அவளும் பதினோரு பால்வெட்டுப் பெண்களும் வேலை இழந்தார்கள். கையில் மிஞ்சியது வெட்டுக் கத்தி மட்டுமே. ரப்பர் இல்லையே என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை. விடியலில் பப்பாளிக் காய்களைக் கீறி, வடிந்த பாலை மங்குக் கிண்ணங்களில் பிடித்தார்கள். அந்தப் பாலில் ஒரு நொதி உண்டு. அரைத்த சோயா பயற்றை வெதுவெதுப்பான நீரில் கரைத்து அதைச் சேர்த்தால், எண்ணெயை இறுகப் பிடித்திருக்கும் புரதத்தை அது அறுத்துவிடும். பொறுத்திருந்து, கடைந்து, காய்ச்சினால் எண்ணெய் மேலே மிதக்கும். பெரிய ஆலைகளைப் போல, பெட்ரோல் வாடை அடிக்கும் கரைப்பானில் பயற்றை ஊறவைக்க வேண்டியதில்லை. தோட்ட ஆலையின் சோதனைக்கூடத்தில் குடுவை கழுவிய காலத்தில் நவமணி காதில் வாங்கி வைத்த வித்தை அது.

இனி வேண்டியது எண்ணெய்த் தொழிலுக்கான உரிமம் ஒன்றே. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால், அவர்களுக்கு ஒதுக்கிய கொட்டகை வேறொருவருக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை, உரிம அதிகாரி கார்த்திகேசு அவளுடைய போராங்கை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, மூக்குக் கண்ணாடியின் வழியாகவும், பிறகு அதற்கு மேலாகவும் பரிசீலித்தருளினார்.

“ஏழாம் கேள்வி காலியா இருக்கே அம்மா?”

“கரைப்பான் பீப்பாய் எங்க வச்சிருக்கீங்கன்னு கேக்குது ஐயா. எங்ககிட்ட அது இல்லலா. வெறும் தண்ணிதான்.”

“தண்ணி தீப்பிடிக்குமா?”

“பிடிக்காதுங்க.”

“பிடிக்காத ஒன்னுக்குத் தீயணைப்புக்காரர் எப்படிச் சான்றிதழ் தருவாரு? அது இல்லாம நான் எப்படி உரிமம் தர்றது? ஆபத்தே இல்லாத இடத்துல, பாதுகாப்பு இருக்குன்னு எதை நம்பிக் கைச்சாத்துப் போடுவேன்?”

வரிசையில் பின்னால் நின்ற முறுக்கு வியாபாரி பத்துமலை வாய்விட்டுச் சிரித்தான். “போராங்குக்கு மூளையே இல்லக்கா!”

“அத அவருகிட்ட நீயும் கொஞ்சம் சொல்லேன், தம்பி.”

பத்துமலை சுவர்க் கடிகாரத்தை ஆராயத் தொடங்கினான். வரிசை முழுவதும் அந்த ஆராய்ச்சியில் கலந்துகொண்டது.

புதன்கிழமை தீயணைப்பு அலுவலர் கொட்டகைக்கு வந்தார். நாற்புறமும் முகர்ந்து பார்த்து, உள்ளபடியே வருந்தினார். “வாடையே இல்லையேம்மா. நான் எதைச் சோதிக்கிறது?”

வியாழக்கிழமை நவமணியும் அவள் கூட்டாளிகளில் ஒருத்தியான முத்தம்மாவும் ஒரு சாயக் கடையிலிருந்து கரைப்பான் பீப்பாய் ஒன்றை இரவலாக உருட்டி வந்தார்கள். அதுவரை அடுப்பருகே பாடிக்கொண்டே கடைந்த பெண்கள், இப்போது பீப்பாய்க்கு அஞ்சி அடுப்பைத் தூக்கி மழையில் வைத்தார்கள்.

“அக்கா, அடுப்பு அணைஞ்சிருச்சு!” என்றாள் முத்தம்மா.

“பாதுகாப்புன்னா இதுதான்டி” என்றாள் நவமணி.

தீயணைப்பு அலுவலர் மீண்டும் வந்தார், முகர்ந்தார், முகம் மலர்ந்தார். மணல் வாளி, சிவப்பு அறிவிப்பு, பூட்டு யாவும் முறைப்படி அமைந்திருப்பதாகச் சான்றளித்தார். வெள்ளிக்கிழமை உரிமம் வந்தது.

“பாத்தீங்களா? சட்டம் நல்லதுக்குத்தான்” என்றார் கார்த்திகேசு.

வாசலில் பத்துமலை காத்திருந்தான். “அக்கா, அந்தப் பீப்பாய எனக்கு ரெண்டு நாளைக்குத் தர முடியுமா?”

“நீ முறுக்குதானே சுடுற?”

“எனக்கும் அதே போராங்தான்க்கா. ஏழாம் கேள்வி இருக்கு.”

நவமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தந்தாள். பிறகு அப்பளக்காரருக்கு, மிளகாய் அரைப்பவருக்கு, பூமாலை கட்டுபவருக்கும் தந்தாள். அந்த ஒரே பீப்பாய் ஈப்போவைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆண்டு முடிவில் கார்த்திகேசு ஓர் அறிக்கை வெளியிட்டார்: “இவ்வட்டாரத்தில் கரைப்பான் பீப்பாய்கள் நாற்பத்தாறாகப் பெருகியுள்ளன. அனைத்தும் விண்ணப்பதாரர்களின் சொந்தக் கையெழுத்தால் உறுதிப்படுத்தப்பட்டவை. எனவே ஏழாம் கேள்வி இன்றியமையாததாகிறது. எட்டாம் கேள்வியில், இரண்டாவது பீப்பாய் வைத்துள்ள இடத்தைக் குறிப்பிடுக.”

அன்பரே, அதிகாரியைப் பார்த்துச் சிரித்தது போதும். அந்த நாற்பத்தாறில் உம் கையெழுத்து எத்தனையாவது? இன்றே, அலுவலகம் மூடுமுன், உம் போராங்கை எடும். இல்லாததற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதும். வரிசையில் உமக்கு முன்னால் ஒருத்தி தனியாக வாதாடிக்கொண்டிருந்தால், கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் போய் நில்லும். நாளை வேண்டாம், இன்றே கிளம்பும்!