டின் பால் ஆராய்ச்சியின் இரண்டாம் பக்கம்

இந்த வாரத்துக்குள் டின் பாலை மீட்டே தீருவது என்று சபதம் செய்தேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத சபதம்.

ரிங்லெட் பட்டணத்தில் என் ரத்தத்து இனிப்பு நீர் அளவைப் பார்த்த டாக்டர் புருவத்தை உயர்த்தினார். அன்றே என் மனைவி உமாதேவி, தேநீரில் கலக்கும் இனிப்பான டின் பாலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அந்தத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடமாகக் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி நான். குடிப்பதோ பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்! இப்படியொரு கொடுமைக்கு இலக்கியத்தில் முன்மாதிரி கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

வழி காட்டியவள் என் மகள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த யுவனேஸ்வரி, சாப்பிடும்போது தன் ஆய்வைப் பற்றிப் பேசினாள்.

"கூடப் படிக்கிற நூறு பேரக் கேட்டேன்பா. போன்ல வர்ற வைத்தியச் செய்தில எது நெசம், எது புளுகுன்னு பாதிப் பேருக்குத் தெரியல."

"யுனிவர்சிட்டி பிள்ளைங்களுக்கேவா?"

"ஆமாலா. நானே முதல் வருசம் பருவுக்குப் பல்பசை தடவிட்டுத் திரிஞ்சேன்."

எனக்குப் புல்லரித்தது. படிக்கிற பிள்ளைகளே ஏமாறும்போது, கறிவேப்பிலை வைத்தியத்தை நாற்பது பேருக்கு அனுப்பும் உமாதேவி எம்மாத்திரம்?

மறுநாள் ஆபீசிலேயே ஆராய்ச்சிக் கட்டுரை தயார். ஐம்பது தாண்டிய ஆண்கள் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி டின் பால் கலந்த தேநீர் குடித்தால் இனிப்பு நீர் இறங்குமாம். கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மன் பேராசிரியர். கட்டுரைக்கு எண் போட்டேன், தேதி போட்டேன், அடிக்குறிப்பு மட்டும் ஏழு. சுற்றறிக்கை தட்டித் தட்டிப் பழகிய கை, எதுவும் விடுபடாது. ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமான் பாயின் போனிலிருந்து அதை உமாதேவிக்கு அனுப்பச் செய்தேன்.

"மாட்டிக்கிட்டா என் பேரச் சொல்லாதீங்க கிராணி."

"நான் எழுதினதாவது, மாட்டறதாவது!"

மாலையில் வாசலிலேயே வரவேற்பு.

"என்னங்க! ஓடி வாங்கலா! உங்களுக்கு விடிவுகாலம் வந்திருச்சு!"

முழுவதையும் உரக்கப் படித்தாள். "அடிக்குறிப்பே ஏழுங்க!"

"அப்படியா?" என்றேன், ஒன்றும் அறியாதவனாக.

"எவ்வளவு மரியாதை பாருங்க. ஜெர்மன்ல உக்காந்து எழுதிட்டு, கீழ 'நகல்: பெரிய துரை, கோப்பு'ன்னு நம்ம தோட்டத்துத் துரைக்கும் ஒன்னு போட்டிருக்காரு."

ஆபீஸ் பழக்கத்தில் கை தன் பாட்டுக்குத் தட்டியிருக்கிறது.

"ஜெர்மன்காரங்க ஒழுங்கானவங்க" என்றேன்.

"அதானே!"

நம்பிவிட்டாள்! இடுப்பிலிருந்து சாவி வந்தது. அலமாரி திறந்தது. டின் வெளியே வந்தது. என் இதயம் மலைமேல் கியா பார்ம் ஊர் வரை துள்ளிக் குதித்துத் திரும்பியது.

"இருங்க, ரெண்டாம் பக்கத்தையும் படிச்சிருவோம்."

"ரெண்டாம் பக்கமா?"

"இப்பத்தான் வந்துச்சு."

யுவனேஸ்வரி தன் போனைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உமாதேவி படித்தாள்: "ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் மலை உச்சித் தண்ணீர்த் தொட்டி வரை ஏறி இறங்க வேண்டும். உடம்பைப் பழக்குவதற்காக, முதல் மூன்று மாதம் டின் பாலைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்."

"அக்கிரமம்! இந்த ஆராய்ச்சிக்கு ரெண்டாம் பக்கமே கிடையாது!"

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மகள் பக்கம் திரும்பினேன்.

"அம்மாதான்பா என்னோட முதல் மாணவி" என்றாள் மகள். "யார் எழுதினது, யாருக்கு ஆதாயம்னு கேக்கச் சொல்லி ஒரு மாசமா போன்லயே பாடம். தே விக்கிற பாய் அனுப்பினா கேக்க மாட்டாங்களா?"

"கறிவேப்பிலை?" என்றேன் பரிதாபமாக.

"அத நிறுத்தியும் ஒரு மாசமாச்சு" என்றாள் உமாதேவி. "நான் அனுப்புறத என்னைக்கு நீங்க படிச்சீங்க?"

மலை ஏறினேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கும்போது போன் அதிர்ந்தது. இரண்டாம் பக்கம் எனக்கும் வந்திருந்தது. உமாதேவி அனுப்பியதை இந்த முறை கடைசி வரி வரை படித்தேன்.

"நகல்: கிராணி. தகவலுக்கும் உடனடி நடவடிக்கைக்கும்."