இருபத்தொன்பதாம் தேதி வரை

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியதும் இந்தக் குணம்தான். (கணக்கு வாத்தியாரின் ஸ்கூட்டர் பெட்ரோல் இல்லாமல் ஓடுமா என்று பார்த்தேன். ஓடவில்லை.) பிறகு லாரி, போர்வெல் வண்டி, பரோட்டாக் கடை என்று ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கொல்லிமலைக்குக் காய்ச்சலோடு வந்தேன். எழுபது வளைவும் ஏறி, வாந்தியெடுத்த இடத்தில் ஒரு வீடு இருந்தது. அங்கேயே காவல் வேலை கிடைத்தது.

வீட்டு ஐயா கப்பல் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு ஏலங்களில் அபூர்வமான வாட்ச்சுகளை எடுப்பார். சிக்னல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல்தான் கிடைக்கும். அவர் அதன்மேல் நின்று போனில் ஏலம் கேட்க, நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அப்படி எடுத்த ஒன்று கிழமை, தேதி, மாதம், நிலா எல்லாம் காட்டும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று அதற்கே தெரியுமாம். லீப் வருஷம்கூட. நான் இன்றைக்கும் விரல் முட்டியைத்தான் எண்ணுகிறேன்.

ஐயா சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது, மழையில் இரண்டு நாள் கரண்ட் போனது. வாட்ச் நின்றுபோகாமல் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் கரண்ட் பெட்டி நின்றது, வாட்ச்சும் நின்றது. தொட்டி மேல் ஏறிப் போன் செய்தேன். ஒரு அழுத்துக்கு ஒரு நாள் நகருமாம்; வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பொத்தானை மரக்குச்சியால் இரண்டே தடவை அழுத்தச் சொன்னார்.

இரண்டாவது அழுத்தில் அன்றைய தேதி வந்தது, அக்டோபர் முப்பத்தொன்று. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நவம்பருக்கு முப்பதுதான் என்று இதற்கு உண்மையிலேயே தெரியுமா?

தெரிந்தது. முப்பதுக்கு அடுத்து டக்கென்று டிசம்பர் ஒன்று. எனக்குப் புல்லரித்தது. பிப்ரவரி இருபத்தெட்டுக்கு அடுத்து மார்ச் ஒன்று. அப்புறம் லீப் வருஷத்தையும் பார்க்கும் ஆசை வந்தது. சுவர்க் கடிகார முள்ளைச் சுற்றினால் பழைய மணிக்கே வருவதுபோல இதுவும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மலையிலேயே வாழவந்தி நாட்டுப் பக்கமிருந்து சமையலுக்கு வரும் ராசாத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, காலைல இருந்து பேன் குத்தறாப்பல என்னத்தக் குத்திக்கிட்டு இருக்கீங்க?"

"பிப்ரவரி இருபத்தொம்பது வருதான்னு பாக்கறேன்."

"அது தானா வருமுங்க. மொதல்ல சாப்பிட வாங்க."

எண்ணூறு தடவைக்கு மேல் அழுத்தினேன். வந்தது. அவளும் கரண்டியோடு மூச்சுவிடாமல் நின்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்தார். வாட்ச்சைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். நான் அதற்குள் துணிப்பையைக் கட்டி வைத்திருந்தேன்.

"பின்னாடி போறதுக்கு இதுல வழியே கெடையாதுப்பா."

கழற்றினால் சரிசெய்யலாமாம். ஆனால் இதுவரை யாரும் திறக்காத வாட்ச் என்பதுதான் ஏலத்தில் அதற்கு மதிப்பு. அடுத்த ஏலத்துக்கே அனுப்ப இருந்தாராம். இனி அதை ஓடவிடாமல் வைத்து, அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு வருஷம் நாலு மாதம்.

"பைய எறக்கி வை. அன்னிக்கு நீயேதான் சாவி குடுக்கணும்."

ஓடியிருக்கலாம், கீழே போகிற பஸ் வாசலிலேயே நிற்கும். ஆனால் அது மறுபடி ஓடுவதைப் பார்க்காமல் எப்படிப் போவது? இருந்தேன். காத்திருந்ததில் ராசாத்தியோடு கல்யாணமும் ஆனது, ஒரு பெண்ணும் பிறந்தாள்.

அந்த நாள் காலையில், எல்லோரும் சுற்றி நிற்க, சாவி திருகினேன். முள் நகர்ந்தது. வாட்ச்சில் தேய்ந்த நிலா. சன்னலுக்கு வெளியே மேற்கில் அதே அளவு தேய்ந்த நிலா. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வாட்ச் ஏலத்துக்குப் போய்விட்டது. நான் போகவில்லை. இப்போதும் அவ்வப்போது கால் அரிக்கும், பையை எடுப்பேன். ராசாத்தி அடுப்படியிலிருந்து திரும்பக்கூட மாட்டாள்.

"பிப்ரவரி இருபத்தொம்பதுக்குப் போலாமுங்க. மொதல்ல சாப்பிட வாங்க."