கேன்சல் அண்ணன்

உலகத்தில் உள்ள அத்தனை காரியத்தையும் ஒரே ஓர் இங்கிலீஷ் சொல்லால் முடித்துவைத்த மனிதர் தேங்காய்ப்பட்டணத்தில் ஒருவர்தான். நான் கிளார்க்காக இருந்த ஐஸ் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு, விசாவை கேன்சல் செய்து ஊர் திரும்பியவர். விசாவோடு நிறுத்தியிருக்கலாம்.

டீக்கடையில் "சீனி கேன்சல்" என்பார். மழை விட்டால் "மழை கேன்சல்". பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், வாயில் பஞ்சோடு, "கடவாப்பல்லு கேன்சல் மக்கா" என்றார்.

எங்கள் டிரைவரின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வரவேண்டிய கார் பாதி வழியில் நின்றுவிட்டது. வேறு கார் கேட்கப் பைக்கில் பறந்துவந்த அண்ணன், மூச்சிரைப்பில் 'கார்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, சர்ச் வாசலில் நின்று கத்தினார்: "மாப்ள கேன்சல்! உடனே வேற அனுப்புங்க!" பெண்ணின் அம்மா நின்ற இடத்திலேயே சரிந்தாள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. எங்களிடம் தினமும் ஐஸ் வாங்கும் மீன்காரி மேரியின் புருஷன் சேவியரும் அவன் தம்பியும் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. ஐந்து நாள் ஹெலிகாப்டர் சுற்றியது. தகவல் சொல்ல எங்கள் கம்பெனி நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ஆறாம் நாள் காலையில் போன் அடித்தது. அண்ணன் எடுத்தார். தேடுதலை நிறுத்திவிட்டார்களாம்.

மேரி வாசலிலேயே நின்றாள். "என்ன அண்ணா சொன்னாவ?"

அண்ணன் ரிசீவரை வைத்தார்.

"தேடுதாவ மக்கா. இன்னும் தேடுதாவ."

அவள் போனதும் நான் பாய்ந்தேன். "எதுக்கு அண்ணா பொய் சொன்னீங்க?"

"பொய்யில்லடே. நான் போறேன்லா?"

போனார். நீச்சல் தெரியாதவர், வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவர். மூன்று வள்ளக்காரர்களைக் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டு போய், நாலாம் நாள் திரும்பினார். தம்பியின் உடல் கிடைத்தது. சேவியர் கிடைக்கவில்லை.

மேரியிடம் அவரே போய்ச் சொன்னார். "கெடைக்கல்ல மக்கா. இனி யாரும் போவமாட்டாவ. அவிய அன்னைக்கே நிறுத்திட்டாவ. எனக்குத்தான் சொல்ல நாக்கு வரல்ல."

அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பொத்தான்கள் தெறித்தன. அவள் ஓயும்வரை அப்படியே நின்றார்.

இவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் பார்க்கப் போனேன். சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மேரி கொண்டுவந்து வைத்திருந்த மீன்குழம்பை எனக்கும் ஊற்றச் சொன்னார். கிளம்பும்போது அவர் கையை விட எனக்கு மனமே வரவில்லை.