நண்டுச் சொல்லுக்கு நடந்த போர்

வாழ்க ஐஸ்லா! வடகடல் வாடையிலும் மங்காத செந்நிறக் கூந்தலாள், பிட்டன்வீம் துறைமுகத் தெருக்களில் முப்பதாண்டு கடிதம் சுமந்து சளைக்காத தாளினள், சொற்போரில் தோல்வி அறியாத திருவாயினள் வாழ்க!

அன்று பிற்பகல், மதங்கொண்ட களிறுகள் அணிவகுத்தாற்போல் கடல்மேல் கருமேகங்கள் திரண்டன. கொல்லைக் கொடியிலோ, மறுநாள் தன் மகளின் திருமணத்துக்குத் தம்பி டூகல் அணியவேண்டிய ஒரே வெண்சட்டை, சரணடையத் துடிக்கும் சேனையின் கொடியெனப் படபடத்தது. கணப்பின் வெம்மையைத் துறந்து அதை எடுக்கப் போவது யார்? சிறுவயதில் ஆளுக்கு ஆள் தொட்டு எண்ணிய பாட்டே தீர்ப்பளிக்கட்டும் என்று, அறுபது கடந்த இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர்.

டூகல் பாடினான். அசைக்கு ஒரு தொடல். தவளை தாவிற்று, நண்டு நகர்ந்தது, "வெளியே போ" என்ற கடைச்சொல்லில் அவன் விரல் அவன் நெஞ்சிலேயே வந்து நின்றது. நேர்மையாளன், எழுந்துவிட்டான்.

அக்கணம் வாய்மூடி இருந்திருந்தால் ஐஸ்லா தேநீரும் கையுமாக வென்றிருப்பாள். ஆனால் பாட்டில் நண்டைக் குறிக்கும் 'பார்ட்டன்' என்னும் சொல்லைத் தம்பி ஒரே அசையாய் விழுங்கியதை அவள் செவி பொறுக்கவில்லை.

"டேய், நில்லு! பார்... ட்டன். ரெண்டு தட்டு தட்டணும். அது அம்மாவோட கெய்லிக் பாஷை."

"போக்கா! கப்பலேறி வந்த வைக்கிங் கொள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன சொல்லு அது. இங்க மீன்காரங்க எல்லாம் ஒரே மூச்சுலதான் சொல்றாங்க."

"லூயிஸ் தீவுலேர்ந்து மீன் கீற வந்த அம்மாவையே இல்லைங்கிறியா?"

மூண்டது போர். ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்து ஈராண்டாய்த் தவமிருந்த அகராதியை, கோட்டைச் சுவரிலிருந்து கல் பெயர்ப்பவள்போல் அவள் உருவ, தேநீர்க் கோப்பைகள் இரண்டும் களத்தில் உருண்டு வீரமரணம் எய்த, டூகல் ஒருபுறமும் அவள் மறுபுறமும் பற்றி இழுக்க, அட்டை கிழிய, தாள்கள் அலற, இறுதியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெற்றிமுரசு கொட்டினாள்:

"கெய்லிக்! கெய்லிக்னுதான் போட்டிருக்கு! கண்ணத் தொறந்து பாருடா!"

அவள் கண்கள் பனித்தன. மறைந்த தாய் வந்து மாலையிட்டதுபோல் இருந்தது.

"சரிக்கா, தோத்துட்டேன்" என்றான் டூகல். "அப்ப ரெண்டு தட்டுத் தட்டி மறுபடி எண்ணிடுவோம்."

எண்ணினான். தொடல் ஒன்று கூட, விரல் ஓரிடம் தள்ளி, வாகை சூடிய அவள் நெஞ்சிலேயே வந்து நின்றது.

தாய்மொழி காத்த தலைவி, கூடையை இடுப்பில் இடுக்கி, பட்டத்து யானையின் நடைநடந்து கொல்லைக் கதவைத் திறந்தாள்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.